மருமகளின் இதயம்

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த மருமகள், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்க நின்றாள் என்பதோடு போன வாரம் விட்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒலிபரப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். நாலு பேர் நிலையத்துக்குப் போன் போட்டு, "முதல்ல உங்க மிஷினைச் சரி பண்ணுங்க" என்று திட்டவும் செய்தார்கள்.

கோளாறு மிஷினில் இல்லை என்று புரிந்துகொண்ட ஒரே ஆள், வீட்டுச் சமையலறையில் வானொலியைக் கேட்டபடி காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார்தான். பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையோடு போனை எடுத்து, இதய டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை காலைக்கு நேரம் வாங்கினார்.

மருமகளிடம் சொன்னது வேறு. "பிள்ளை உண்டாகி ஒன்பது வாரம் ஆயிடுச்சு இல்ல? சும்மா ஒரு ஸ்கேன். பார்த்து வச்சுக்கலாம்."

இன்று அந்தச் செவ்வாய்க்கிழமை.

மாமியாரை மருத்துவமனையில் எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். உயரம் ஐந்தடிகூட இல்லை என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயோடு முப்பத்தெட்டு வருடம் மல்லுக்கட்டியவர். அடுத்த மாதம் ஓய்வு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த வார்டுக்கு வந்த பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. இப்போது பத்தில் எட்டு பிழைத்து, பள்ளிக்கூடம் போய், பரீட்சையில் கோட்டை விட்டு, பெற்றவர்களிடம் திட்டு வாங்குகின்றன.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்திதான் இந்த மருமகள். ஆறு வயதில் வார்டுக்கு வந்தாள். ஊசி போடும் முன்பும் ஏன் என்பாள், போட்ட பின்பும் ஏன் என்பாள். முடியெல்லாம் கொட்டின நாளில் கண்ணாடியைப் பார்த்து, "ஐ, எங்க அப்பா மாதிரியே இருக்கேன்" என்று சிரித்தாள். வார்டு நர்ஸ் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். வயது முப்பத்தொன்று ஆகியும் பெயர் போகவில்லை. அந்த வாயை வைத்துத்தான் இப்போது பிழைப்பும் நடக்கிறது.

பிழைத்த பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் கூடுவார்கள். அங்கே நாற்காலி தூக்கிப் போட வந்தவன் பெரிய டாக்டரின் மகன். மைக்கைப் பிடித்தவள் எப்போது கீழே வைப்பாள் என்று காத்துக் காத்துப் பார்த்து, காத்திருந்த இடத்திலேயே காதலில் விழுந்தான். கல்யாணமாகி ஆறு வருடம்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. வாயாடி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திரையில் அவள் இதயம் கறுப்பு வெள்ளையாகச் சுருங்கி விரிந்தது. கால்மாட்டில் நின்ற மகன் திரையைப் பார்க்காமல் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய டாக்டர் திரையை மட்டுமே பார்த்தார். இடது அறையின் சுவர் சுருங்க ஆரம்பித்து, ஈரத் துணியைப் பிழிகிற கை பாதியில் அலுத்துக்கொண்டது போல் விட்டுவிட்டது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி விட்டது. எண் வருவதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"என்ன அத்தை, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் வாயாடி, படுத்தபடியே.

"பேசினா நீ பதில் பேசுவ. ஆடாம படு."

அரைமணி நேரம் கழித்து இதய டாக்டர் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, ஸ்கேன் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு நேராக வாயாடியிடமே பேசினார்.

"இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும், உள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளணும். நூத்துக்கு அம்பத்தஞ்சுக்கு மேல இருந்தா கவலை இல்லை. உங்களுக்கு நாப்பத்திரண்டு."

"பாஸ் மார்க் எவ்வளவு டாக்டர்?"

இதய டாக்டர் சிரித்துவிட்டார். "இப்ப பாஸ்தான். ஆனா வர்ற பரீட்சை கஷ்டம். வயித்துல பிள்ளை வளர வளர இதயம் ஒண்ணரை மடங்கு வேலை செய்யணும். இந்த மாதிரி இதயத்துக்கு நான் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில முக்கியமானதை, கர்ப்பமா இருக்கிறவங்களுக்குக் கொடுக்க முடியாது. பிள்ளைக்கு ஆகாது."

மகன் தொண்டையைக் கனைத்தான். "உயிருக்கு ஆபத்து இருக்கா?"

"இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருக்கும்னு அடிச்சும் சொல்ல மாட்டேன். தொடரலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நான் கூட இருப்பேன்." ஒரு தாளை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். "சின்ன வயசுல அந்தச் சிவப்பு மருந்து ஏத்தியிருப்பாங்களே, மொத்தம் எவ்வளவுன்னு தெரியுமா? பழைய கோப்பு இருந்தா…"

புற்றுநோயை விரட்டுகிற அந்தச் சிவப்பு மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அளவு கூடக் கூட, வருடங்கள் கழித்து இதயத்தில் கை வைக்கும்.

கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரை அந்த வார்த்தை வந்தது. கணவர் போன துக்கத்தில்கூட ஒரு பிள்ளையின் ரத்த எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லாதவர். இப்போது தெரிந்த எண்ணைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"முந்நூத்தறுபது" என்றார்.

இதய டாக்டரின் பேனா நின்றது. "முந்நூத்தறுபதா? நூத்தெம்பது இல்லையா மேடம்? அதுக்கு மேல யாரும் போறதே இல்லையே."

"இப்ப போறதில்லை. அப்ப எவ்வளவு போதும்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைங்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சுக் கொடுத்துப் பார்த்தோம். இவ ரெண்டாவது பிரிவு."

"ஓ. உங்க ஆராய்ச்சி. எங்களுக்குப் பாடத்துலயே வரும்." சொன்ன பிறகுதான் யாருக்கு முன்னால் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, எழுதுவதில் மும்முரமானார்.

வாயாடி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டவன் மகன். தாழ்வாரத்துக்கு வந்ததும், மாடிப்படி அருகே மூவரும் தனியாக நின்றபோது கேட்டான்.

"ரெண்டாவது பிரிவுன்னா என்னம்மா?"

"முதல் பிரிவுக்கு நூத்தெம்பது. ரெண்டாவதுக்கு அதைப் போல ரெண்டு பங்கு. யார் எந்தப் பிரிவுன்னு நாங்க தீர்மானிக்க மாட்டோம். ஒட்டின உறை வரும். பிரிச்சா உள்ள இருக்கும்."

"கடைசியில என்ன ஆச்சு?"

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு பேர்தான் குணமானாங்க."

"அப்போ பாதி மருந்தே போதும்."

"போதும்."

"மீதிப் பாதி?"

அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி போதும்னு நீங்க தெரிஞ்சுக்கிறதுக்காக, மீதிப் பாதியை இவளுக்குள்ள ஏத்தினீங்களா?"

ஏத்தினீங்களா. பிறந்ததிலிருந்து அம்மாவை வா, போ, நீ என்று கூப்பிட்டவன். ஸ்கூலில் மார்க் குறைந்து அடி வாங்கிய நாளில்கூட நீதான். அந்த 'நீங்க' வந்து விழுந்தபோது, சேதி முழுவதையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிட்டது.

"நான் கட்டடம் கட்டுறவன்" என்றான் அவன். "ஒரு தூண் எவ்வளவு தாங்கும்னு பார்க்கிறதுக்கு, ஆள் குடியிருக்கிற வீட்டுத் தூணை இடிச்சுப் பார்க்க மாட்டேன்."

"எனக்கு ஆள் இல்லாத வீடு கிடைக்கலையேடா" என்றார் பெரிய டாக்டர்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினான். "ரெண்டு வாரம் எல்லாம் வேண்டாம். முடிவு பண்ணியாச்சு. எனக்கு நீ போதும்."

"எனக்கு நான் போதலையே, இன்ஜினியரே" என்றாள் வாயாடி. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து மெதுவாகத் திருகினாள். "நீ இப்ப ஸைட்டுக்குப் போ. அங்க போய் யாரையாவது திட்டு. இங்க நின்னு கத்தினா, என் நாப்பத்திரண்டு முப்பத்தெட்டாயிடும்."

அவன் சிரிக்கவில்லை. படியிறங்கிப் போனான். கீழ்த்தளம் வரை அவன் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மருத்துவமனைக் கேன்டீனில் கூட்டம் இல்லை. இருவரும் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர் டீ வாங்கி வந்தார். வாயாடிக்குப் பாலும் பிஸ்கட்டும். அவள் பிஸ்கட்டைப் பாலில் நனைத்தாள். அது உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனால் தேடிக்கொண்டே கேட்டாள்.

"எங்க அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும். அவர்தான் கையெழுத்துப் போட்டார்."

லாரி பழுது பார்க்கிறவர் அவள் அப்பா. இறந்து நாலு வருடம் ஆகிறது. அன்று பட்டறையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பேனாவை வாங்கியும், தாளின் ஓரத்தில் கிரீஸ் கறை ஒட்டிக்கொண்டது. தாளைக் கெடுத்துவிட்டேனே டாக்டர் என்று அதற்கு மன்னிப்பு வேறு கேட்டார்.

"கூட மருந்து கொடுத்தா நோய் திரும்பி வராதுன்னு டாக்டர்கள்ல பாதிப் பேர் நினைக்கிறாங்க, பின்னால இதயத்தைக் கெடுக்கும்னு மீதிப் பேர் சொல்றாங்க, எது சரின்னு எங்களுக்கே தெரியாதுன்னு சொன்னேன். ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு, 'நீங்க எந்தப் பக்கம் டாக்டர்?'ன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் பக்கம் சொல்லக் கூடாதுன்னேன்."

"மனசுக்குள்ள?"

பெரிய டாக்டர் டீயைக் கீழே வைத்தார். இருபத்தைந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது. "கூடக் கொடுக்கிற பக்கம்தான். அந்த வருஷம் மட்டும் பதினேழு பிள்ளைங்களுக்கு நோய் திரும்பி வந்து போயிட்டாங்க. உன் உறையைப் பிரிச்சப்போ ரெண்டாவது பிரிவுன்னு இருந்தது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். அப்பாடா, இந்த வாயாடி பிழைச்சுக்குவான்னு."

வாயாடி ஸ்பூனை வைத்துவிட்டாள்.

அந்த ஆராய்ச்சி முடிய ஒன்பது வருடம் ஆயிற்று. குறைவான மருந்தே போதும் என்று வந்த முடிவை வெளியிட மூன்று பத்திரிகைகள் மறுத்துவிட்டன. புது மருந்து கண்டுபிடித்தால் கை தட்டுவார்கள். இருக்கிற மருந்தைக் குறை என்றால் யார் தட்டுவார்கள்? நாலாவது பத்திரிகை போட்டது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராக, நாடு நாடாக அளவு குறைந்தது. அன்றிலிருந்து பிழைத்த பிள்ளைகள் பலமான இதயத்தோடு ஓடுகிறார்கள். பெரிய டாக்டருக்கு விருதும் பேரும் வந்தன. ஒவ்வொரு மேடையிலும், பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் போட்ட ஒரு படத்தைக் காட்டிப் பேசுவார். இரண்டாவது கோட்டைச் சுட்டுகிறபோதெல்லாம், அதற்குள் ஒரு புள்ளியாக மருமகள் இருக்கிறாள் என்பது கூடவே நினைவுக்கு வரும்.

மகன் அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது மறு பேச்சில்லாமல் சரி என்றார். நோயில் விழுந்து எழுந்த பெண்ணையே மருமகளாக்கிக்கொண்டாரே, எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. மெச்சியவர்கள் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாயாடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு பெரிய டாக்டர் பார்த்ததே இல்லை.

"மருந்துக்காக எனக்குக் கோபம் இல்லை அத்தை" என்றாள் கடைசியில். "உயிரோட உக்காந்து ஊறின பிஸ்கட்டைத் தேடிட்டிருக்கேன். அது போதும். ஆனா ஆறு வருஷம். ஒரே வீடு. வருஷா வருஷம் கையைப் பிடிச்சு ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வருவீங்க. ஏன் அத்தைன்னு கேட்டா, 'எல்லாருக்கும் பண்றதுதான்'ம்பீங்க. நான் உங்க மருமகளா, இல்ல கோப்பா?"

"பயமா இருந்தது."

"எதுக்கு?"

"சொன்னா, நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும்னு."

"மாறித்தான் போச்சு" என்றாள் அவள். பூசி மெழுகவில்லை.

பெரிய டாக்டர் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. அதையும் கேட்டுடு. புது நிகழ்ச்சி வந்ததுல, போன ரெண்டு வருஷமா வேலை வேலைன்னு ஸ்கேனைத் தள்ளிப் போட்ட. நான் விட்டுட்டேன். உன்னை வற்புறுத்தணும்னா காரணம் சொல்லணும். காரணம் சொல்ல எனக்குத் தைரியம் வரல. அந்த ரெண்டு வருஷத்துல பார்த்திருந்தா, அம்பதுலயே பிடிச்சிருக்கலாம். மாத்திரை கொடுத்துச் சரி பண்ணிட்டு, அப்புறம் பிள்ளையைப் பத்தி யோசிச்சிருக்கலாம். மருந்து கொடுத்தது தெரியாம நடந்தது. இது தெரிஞ்சே நடந்தது."

வாயாடியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளாமல் சிரிக்கப் பார்த்தாள். "ஊர்ல மாமியார்னா மருமககிட்ட இல்லாத குறையைக் கண்டுபிடிப்பாங்க. நீங்க இருக்கிற குறையை மறைச்சு வச்சிருக்கீங்க. உங்களை மாமியார்னு வெளிய சொல்லிக்கவே முடியாது."

அதற்கு மேல் இருவருக்கும் அடக்க முடியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதார்கள். மேசை துடைக்க வந்தவர் துணியோடு திரும்பிப் போய்விட்டார்.

மூக்கைச் சிந்திவிட்டு வாயாடிதான் முதலில் எழுந்தாள்.

"என்னை மாதிரியே ரெண்டாவது பிரிவுல இருந்து, இதயம் பலவீனமா இருந்தும் பிள்ளை பெத்துக்கிட்டவங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? அந்தக் கணக்கு உங்ககிட்ட இல்லாம இருக்காது. எனக்கு வேணும்."

"அது இன்னும் முடியாத கணக்கு."

"நானும்தான் முடியலை. வாங்க."

ஆராய்ச்சிப் பிரிவு பின்கட்டடத்தில் இருந்தது. படி ஏற வேண்டாம் என்று பெரிய டாக்டர் லிஃப்டுக்குக் காத்திருந்தார். வாயாடி ஒன்றும் சொல்லாமல் கூட நின்றாள். காலையில் என்றால் இரண்டு மாடிக்கு லிஃப்டா என்று கேலி செய்திருப்பாள்.

கோப்பு அறையை ஆள்கிறவள் ஒரு வயதான நர்ஸ். கம்ப்யூட்டர் சிஸ்டர் என்று பெயர். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. எல்லாம் தலைக்குள் வைத்திருப்பாள். வாயாடிக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அவள்தான். பழைய பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கடிதம் போட்டு, போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து எழுதி வைப்பது அவள் வேலை.

"ரெண்டாவது பிரிவு. பொம்பளைப் பிள்ளைங்க. இதயம் அம்பதுக்குக் கீழ இருந்தப்போ கர்ப்பமானவங்க" என்றார் பெரிய டாக்டர்.

சிஸ்டர் ஒரு பார்வை வாயாடியின் முகத்தைப் பார்த்தாள், ஒரு பார்வை வயிற்றைப் பார்த்தாள். வேறு கேள்வி கேட்கவில்லை. "பதினொரு பேர்" என்று சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தாள்.

அறையின் பாதியில் கண்ணாடித் தடுப்பு ஒன்று இருந்தது. மற்றவர் கோப்பை வாயாடி பார்க்கக் கூடாது. அதனால் அவளை இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, பெரிய டாக்டர் அந்தப் பக்கம் கோப்புகளைப் புரட்டி, பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு வெள்ளைத் தாளில் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். வாயாடி அதைச் செய்தி வாசிக்கும் தாளைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு பேருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிரசவம், பிள்ளை, எல்லாம் சரியா நடந்தது. ரெண்டு பேருக்குக் கடைசி மாசத்துல மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியிலயே வச்சுப் பார்த்து, பிறகு தேறிட்டாங்க. ஒருத்திக்கு இதயம் பழைய நிலைக்கு வரவே இல்லை. இருக்கா. பத்துப் படி ஏறினா உக்காரணும். பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்க முடியலைன்னு எழுதியிருக்கா."

"பத்தாச்சு."

"ம்."

"பதினொண்ணு?"

அப்போது பெரிய டாக்டரின் போன் அடித்தது. மகன். பின்னால் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் இரைந்தது.

"அவ சாப்பிட்டாளா?"

"பிஸ்கட் சாப்பிட்டா. பால் குடிச்சா. சாப்பாடு வாங்கித் தரேன்." சற்றுத் தயங்கினார். "கோப்பு அறையில இருக்கோம். அவளை மாதிரி இருந்தவங்க கணக்கைக் கேட்டா."

"அந்தக் கணக்கை எனக்குச் சொல்லாதீங்க." குரலில் கோபம் வற்றி, களைப்பு மட்டும் இருந்தது. "நூத்துல ஒண்ணோ பத்துல ஒண்ணோ, அந்த ஒண்ணு எனக்கு அவதான்மா. உங்களுக்குப் பத்துப் பேர் இருக்காங்க. எனக்கு ஒரே ஆள்."

"எனக்கும்டா" என்றார் பெரிய டாக்டர். அவன் உடனே போனை வைக்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு துண்டித்தான். நீங்க என்றுதான் இன்னும் பேசினான். ஆனால் நடுவில் அவனை அறியாமல் ஒரு 'மா' வந்துவிட்டது.

பெரிய டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். சிஸ்டர் பதினோராவது கோப்பை மேசைமேல் திறந்து வைத்திருந்தாள். ஒன்பது வயதில் நோய், முந்நூற்றறுபது அளவு மருந்து, இருபத்தெட்டு வயதில் கர்ப்பம். அப்போது இதயம் நாற்பத்தொன்று. பதினொரு பேரில் வாயாடியின் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது இவள் ஒருத்திதான். கடைசித் தாளில் அவள் கையெழுத்திலேயே நாலு வரி இருந்தது: ஏழாம் மாதம் நடக்கிறது, நன்றாக இருக்கிறேன், பிள்ளை பிறந்ததும் போட்டோ அனுப்புகிறேன். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"மூணு கடிதம் போட்டேன் டாக்டர், பதில் இல்லை" என்றாள் சிஸ்டர் தாழ்ந்த குரலில். "போன் நம்பர் மாறிடுச்சு. போன வாரம்தான் அவங்க முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டு ஓனர் மூலமா இந்தப் புது நம்பர் கிடைச்சது. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். நாலு நாளா கை வரல."

பெரிய டாக்டர் எழுந்து தடுப்பின் கதவருகே வந்தார். "பதினொண்ணாவது ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதும்மா. இப்பக் கூப்பிட்டுக் கேட்கப் போறேன். அவங்க பேசறதை நீ கேட்கக் கூடாது. இங்கேயே இரு."

"அவங்களுக்கு எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

வாயாடி தலையசைத்தாள். "கேட்கல. ஆனா பார்த்துட்டு இருப்பேன். நல்லதோ கெட்டதோ, எனக்காக முகத்தை மாத்திக்காதீங்க. இனிமே அந்த வேலை வேண்டாம், அத்தை."

"மாத்திக்க மாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிஸ்டர் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் அழுத்தினார். மணி அடித்தது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போன் போட்டிருக்கிறார். நல்ல சேதியும் சொல்லியிருக்கிறார், சொல்லக் கூடாத சேதியும் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட இப்படி மணியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கண்ணாடிக்கு அப்பால் வாயாடி தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது மணியில் யாரோ எடுத்தார்கள். தொப்பென்று போன் கீழே விழுந்து, மறுபடி தூக்கப்பட்ட சத்தம்.

"அலோ! யாது?"

மூன்று மூன்றரை வயதுக் குரல். ழகரமும் ரகரமும் இன்னும் வசப்படாத நாக்கு. அந்தப் பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்து, வளர்ந்து, போனை எடுத்து அதிகாரமாக யார் என்று கேட்கிறது. பெரிய டாக்டருக்குக் குப்பென்று கண்ணில் நீர் முட்டியது. தடுப்புக்கு அப்பால் வாயாடி எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் டாக்டர் பேசறேன்டா கண்ணு. உங்க அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஊசி போட்ட டாக்டர்." நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட போனைக் கொடுக்கறியா?"

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிள்ளை போனை வாயிலிருந்து எடுக்காமலேயே, காது கிழிய, வீட்டுக்குள் பார்த்துக் கத்தியது.

"அப்பா! அம்மா வேணுமாம்!"

வாயாடி கண்ணாடியில் கையை வைத்தாள். பெரிய டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. போனில், யாரோ ஒரு ஆண் நடந்து வரும் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.